போர் தண்ணி வீட்டுல கீசர் மக்கர் பண்ணா என்ன பாக்கணும்

கடலூர், பாண்டி பக்கம் கடலோரமா இருக்கற வீட்டுல கீசர் கெட்டுப்போச்சுன்னா நான் மொதல்ல சந்தேகப்படறது உப்பைத்தான். எங்க வீடு தேவனாம்பட்டினம் பக்கம், போர் தண்ணிதான். போன மார்கழியில 15 லிட்டர் கீசர் போட்டதும் உலை கொதிக்கிற மாதிரி கொடகொடன்னு சத்தம், ஒரு பக்கெட் புடிக்கறதுக்குள்ள தண்ணி வெதுவெதுன்னு ஆயிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன் கீழ் மூடிய கழட்டி தண்ணிய சுட வைக்கற காயிலை உருவினாரு, மேல விரல் தடிமனுக்கு வெள்ளையா உப்பு, தட்டினா ஓடு ஓடா உதிருது, டேங்க் அடியிலேருந்து வேற ரெண்டு கை அள்ளினோம். பக்கத்துல இருந்த மெக்னீசியம் ராடு கரைஞ்சு உள்கம்பி மட்டும்தான் மிச்சம். டேங்க் அரிக்காம இருக்கணும்னு, அதுக்கு பதிலா அரிச்சுப்போகட்டும்னு வைக்கற ராடு அது, அது தீர்ந்துட்டா அடுத்து துருப்பிடிக்கறது டேங்க்தான். அதனால வருஷத்துக்கு ஒருதடவை, குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, திறந்து பாத்துடுங்க. காயிலை கத்தி வச்சு சுரண்டாதீங்க, சிட்ரிக் ஆசிட் கரைச்ச தண்ணியில ஒயர் மாட்டற முனை நனையாம ஊறவச்சா உப்பு தானா கழண்டுடும். மூடும்போது வாஷர் புதுசு போடுங்க.

தண்ணி சுடவே இல்லையா? போர்டுல இருக்கற எம்சிபி, அதாவது லோடு ஏறினா தானா விழற சுவிட்ச், விழுந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் பிளக். 2000 வாட்ஸ் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கு பாயின்ட்தான் வேணும், சாதா 6 ஆம்பியர்ல போட்டா உருகிடும். கடல் காத்துக்கு பிளக் பின்னு பச்சை பூத்து லூஸ் ஆகி, ஓட்டையை சுத்தி காபி கலர்ல கருகியிருக்கும், அப்படி இருந்தா உடனே மாத்துங்க. கரன்ட் ஒழுங்கா வந்தும் சுடலன்னா கட்அவுட், அதாவது சூடு எல்லை மீறினா கரன்டை நிறுத்தற சுவிட்ச், விழுந்திருக்கலாம், மெயின்ல ஆஃப் பண்ணிட்டு மூடிய கழட்டி சூட்டை கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் கிட்ட இருக்கற சின்ன பட்டனை ஒருதடவை அமுக்குங்க, மறுபடி விழுந்தா திரும்ப அமுக்காதீங்க, தெர்மோஸ்டாட் போயிருக்கும். மீட்டர் வச்சிருக்கவங்க ஒயரை கழட்டிட்டு காயிலோட ரெண்டு முனையில வச்சா, 2000 வாட்ஸ் காயில்னா 26 ஓம்ஸ் கிட்ட காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா காயில் அவுட்.

டேப்பை தொட்டா சுர்ருங்குதுன்னு சொல்லிட்டு அதோடவே குளிக்கறவங்களை பாத்தா எனக்கு பகீர்னு இருக்கும். காயில் வெடிச்சு கரன்ட் தண்ணியில இறங்குது, எர்த்தும் சரியில்லன்னு அர்த்தம். அந்த நிமிஷமே எம்சிபிய இறக்கிட்டு ஆள கூப்பிடுங்க, நீங்களா கை வைக்க வேணாம், அவரு வந்தா எர்த்தையும் செக் பண்ண சொல்லி கரன்ட் கசிஞ்சா உடனே நிறுத்தற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு மாட்ட சொல்லுங்க, குழந்தைங்க குளிக்கற பாத்ரூம்ல அதுக்கு கணக்கு பாக்காதீங்க.

சூடு ஏறும்போது கீசரோட பிரஷர் வால்வுல சொட்டு சொட்டா வந்தா பயப்படாதீங்க, தண்ணி விரியறதுதான், அந்த வால்வை மட்டும் அடைச்சிடாதீங்க. ஆஃப்ல இருக்கும்போதும் ஒழுகினா வால்வு மாத்தணும். டேங்க்கே ஒழுகினா வேற கீசர்தான்.

எல்லாம் மாட்டினதும் சுடுதண்ணி டேப்பை திறந்து விடுங்க, காத்து புஸ்புஸ்ஸுன்னு போய் தண்ணி ஒரே சீரா கொட்டினதுக்கு அப்புறம்தான் சுவிட்ச், காலி டேங்க்ல போட்டா புது காயிலும் அன்னிக்கே எரிஞ்சிடும்.