விலேல் பெரிய வீட்டுக்குப் போறீங்களா? இதைப் பாத்துட்டுப் போங்க

இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சுத் தீவு ரீயூனியன்ல இருக்கறவங்க, லீவுக்கு வர்ற சொந்தக்காரங்கள கடற்கரைக்கு மட்டும் கூட்டிட்டுப் போய் நிறுத்திக்காதீங்க, மேல சேன் ஜில் லே ஓ பக்கம் ஏறினா விலேல் இருக்கு, அடிமைகள வச்சு கரும்புத் தோட்டம் நடத்துன மதாம் தெபாசேனோட பழைய எஸ்டேட், இப்ப மியூசியம். திங்கக்கிழமை லீவு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலயும் மூடிருவாங்க, அதனால காலைலயே போயிருங்க. மேகமும் மதியத்துக்கு மேலதான் ஏறும். அவங்க இருந்த பெரிய வீட்டுல ரிப்பேர் வேலை நடந்துச்சு, உள்ள விடுறாங்களான்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க.

வீட்ட விட எனக்கு முக்கியமாப் படுறது வெளிய இருக்கற சர்க்கரை ஆலை இடிபாடும் அடிமைகளுக்கான ஆஸ்பத்திரிக் கட்டடமும்தான், அவசரப்படாம அங்க நின்னு பாருங்க. மதாம் தெபாசேன் 1846ல இறந்தாங்க, இங்க அடிமைத்தனம் ஒழிஞ்சது 1848 டிசம்பர் 20, அதுக்கப்புறம் அந்தக் கரும்புக் காட்டு வேலைக்குத்தான் நம்ம தமிழ் ஆளுங்கள கப்பல் கப்பலா ஒப்பந்தத்துல கொண்டுவந்தாங்க. இதப் பிள்ளைங்களுக்கு அங்கயே வச்சு சொல்லுங்க, வீட்ல சொன்னா மனசுல ஏறாது. மதாம் தெபாசேன் ஆவி எரிமலைக்குள்ள வெந்துக்கிட்டு இருக்குன்னு ஊர்க்கதையும் உண்டு, பிள்ளைங்க அதைத்தான் திரும்பத் திரும்பக் கேப்பாங்க.

செருப்பு வேணாம், ஷூ போடுங்க. பழைய கல்லு சுவத்துல ஏற விடாதீங்க. பக்கத்துலயே ஷப்பெல் புவான்துன்னு ஒரு சின்ன சர்ச், மதாம் தெபாசேன் கல்லறை அங்கதான், அதையும் சேத்துப் பாத்துட்டு வாங்க.