சூப்பர்சார்ஜருக்கு முன் பெற்றோல்: மலையில் ஓடும் மஸல் காருக்கான எரிபொருள் வேலை

சூப்பர்சார்ஜர் கிட் வந்து இறங்கியதும் எல்லோருடைய கையும் முதலில் போவது பெல்ட்டுக்கும் புல்லிக்கும்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு காரின் பின்பக்கம் போய் டாங்கியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். சூப்பர்சார்ஜர் காற்றை அள்ளி உள்ளே தள்ளும். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் வந்து சேராவிட்டால் கலவை மெலிந்து (காற்று கூடி பெற்றோல் குறைந்து), சிலிண்டருக்குள் சூடு ஏறி, நொக்கிங் (பெற்றோல் கட்டுப்பாடில்லாமல் எரியும் தட்டல்) அடித்து, பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதற்குச் சில விநாடிகள் போதும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். கொழும்பில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) என்றால் இங்கே கிட்டத்தட்ட 11.7 தான். சூப்பர்சார்ஜர் வெளிக்காற்றை ஒரு விகிதத்தில் பெருக்கித் தருகிற சாமான், அதனால் கொழும்பில் 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம்) காட்டும் அதே புல்லி இங்கே ஐந்தரை, ஆறுக்குள் நின்றுவிடும். நுவரெலியாவில் ஓட்டிப் பார்த்து “பெற்றோல் போதும் பாஸ், கலவை நல்லாத்தான் இருக்கு” என்று முடிவெடுத்துவிட்டு, கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கினால் அதே என்ஜின் முன்பைவிட நிறையக் காற்றை விழுங்கும். கீழ்நாட்டு வெக்கை அதில் கொஞ்சத்தைக் குறைத்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே வீடு ஹட்டனில் இருந்தாலும் சரி, கந்தப்பளையில் இருந்தாலும் சரி, பெற்றோல் கணக்கைக் கடல் மட்டத்துக்குப் போடுங்கள்.

கணக்கு கஷ்டமில்லை. சாதாரண பெற்றோல் என்ஜின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரை இறாத்தல் பெற்றோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். சூப்பர்சார்ஜர் போட்டால் அதைச் சுற்றவே வலு செலவாகிறது, கலவையும் கொழுப்பாக (பெற்றோல் கூடுதலாக) இருக்க வேண்டும், அதனால் அரைக்குப் பதில் 0.60 முதல் 0.65 இறாத்தல் வரை. உதாரணத்துக்கு 1987 முதல் 1992 வரை வந்த போர்ட் (Ford) கம்பனியின் 5.0 லீற்றர் மஸ்டாங் என்ற மஸல் காரை எடுப்போம். கம்பனி சொன்ன வலு 225 குதிரை, இன்ஜெக்டர் (பெற்றோலைப் பீச்சும் முனை) ஒன்று மணிக்கு 19 இறாத்தல், பம்ப் மணிக்கு 88 லீற்றர். இதில் 400 குதிரை வேண்டுமென்றால் 400 ஐ 0.62 ஆல் பெருக்குங்கள், 248 இறாத்தல். எட்டு இன்ஜெக்டர், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 80 விழுக்காடு நேரம்தான் திறந்திருக்கலாம் என்று வைத்தால் ஒன்றுக்கு 39 இறாத்தல் வருகிறது. கடையில் கிடைக்கிற அடுத்த அளவு 42, அதை வாங்குங்கள். சிசியில் எழுதியிருந்தால் ஓர் இறாத்தலுக்கு நிமிடத்துக்கு 10.5 சிசி என்று மாற்றிக்கொள்ளலாம், 42 என்பது 440 சிசிக்குப் பக்கத்தில் வரும்.

பம்புக்கு அதே 248 இறாத்தலை லீற்றரில் மாற்றினால் மணிக்கு 152 லீற்றர். மேலே கால் பங்கு கூட்டினால் 190. இந்த 190 லீற்றர் பூஸ்ட் ஏறிய நேரத்து அழுத்தத்தில் கிடைக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ கணக்கு, அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். அதனால் 255 லீற்றர் பம்பைப் போட்டால் நிம்மதி. 340, 450 என்று போக வேண்டாம். தேவையில்லாத பெற்றோல் சுற்றிச் சுற்றி டாங்கிக்குத் திரும்பி சூடாகும், அவ்வளவுதான். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பம்ப் தேடும்போது பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், போலி நிறைய. வெவ்வேறு அழுத்தத்தில் எத்தனை லீற்றர் என்ற அட்டவணை இல்லாத பம்பை நான் காருக்குள் போடமாட்டேன்.

பம்பை மாற்றிவிட்டு பழைய வயரையே விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி பார்க்கிற கோளாறு. முப்பது வருசத்து வயர், மலைநாட்டு மழை ஈரத்தில் பச்சை பிடித்த முனைகள், ஓல்டனேட்டரில் 13.8 வோல்ட் இருந்தாலும் டாங்கிப் பக்கம் 11 தான் வந்து சேரும். அப்படியானால் 255 லீற்றர் பம்ப் பெயரளவில்தான் 255. பற்றரியிலிருந்து நேராக 4 அல்லது 6 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்து, பற்றரி பக்கத்திலேயே 20 அம்பியர் பியூஸ் வைத்து, பின்னால் ஒரு 30 அம்பியர் ரிலே போடுங்கள். பழைய பம்ப் வயர் ரிலேயைத் தட்டிவிட மட்டும் பயன்படட்டும். இப்படிச் செய்தால் கார் மோதினால் பம்பை நிறுத்தும் போர்ட் கம்பனியின் இனர்ஷியா சுவிட்சும் வேலை செய்துகொண்டே இருக்கும், அதைத் தாண்டி வயர் இழுக்கவே கூடாது. எர்த் வயரும் அதே தடிப்பு, பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில், மேலே கிரீஸ். முடித்ததும் பம்ப் ஓடும்போது அதன் முனையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள், ஓல்டனேட்டருக்கும் அங்கேக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு முனை சரியில்லை.

டாங்கியை இறக்கும் முன் பற்றரியைக் கழற்றுங்கள், லைனில் இருக்கும் அழுத்தத்தை விடுங்கள், பக்கத்தில் தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். இறக்கியதும் உள்ளே லைட் அடித்துப் பார்த்து துரு இருந்தால் டாங்கியைச் சுத்தம் செய்யாமல் புது பம்பைப் போடாதீர்கள், அடிச் சல்லடை ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். காலி டாங்கிதானே என்று வெல்டிங் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், வெடிப்பதே காலி டாங்கிதான்.

ஹோஸ் விஷயத்தில் 400 குதிரைக்கு எட்டில் மூன்று (3/8) அங்குலம், அதாவது ஆறாம் நம்பர், தாராளம். இன்ஜெக்டர் அழுத்தத்துக்கு 30ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் வேண்டும். டாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு அது ஆகாது, அங்கே 30ஆர்10 தான். தண்ணீர் பம்ப் கிளிப்பை விட்டுவிட்டு இன்ஜெக்‌ஷன் கிளிப் வாங்குங்கள். பம்புக்கு முன் 100 மைக்ரோன், பின் 10 மைக்ரோன் பில்டர். திரும்பி வரும் லைன் ஒல்லியாக இருந்தால் பெரிய பம்போடு சும்மா ஓடும்போதே அழுத்தம் ஏறி நிற்கும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகிப் பிரயோசனமில்லை.

ரெகுலேட்டருக்கு வருவோம். இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெற்றோல் அழுத்தம், மறுபக்கம் மெனிபோல்டு (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம். 39 பிஎஸ்ஐ பெற்றோலை 7 பிஎஸ்ஐ பூஸ்ட் எதிர்த்து நின்றால் மிச்சம் 32 தான். ஆகவே பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெற்றோலும் ஒரு பிஎஸ்ஐ ஏறுகிற ரெகுலேட்டர் வேண்டும், அதன் சிறிய ஹோஸ் மெனிபோல்டில் நேராக, வேறெதற்கும் கிளை பிரியாமல், கிளிப்போடு. அந்த ஹோஸ் பூஸ்டில் கழன்றால் கதை முடிந்தது.

பழைய கிட்களில் எப்எம்யூ என்று ஒரு தட்டு வரும். சின்ன இன்ஜெக்டரையே வைத்துக்கொண்டு பூஸ்டில் அழுத்தத்தை மட்டும் எகிற வைப்பது அதன் வேலை. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் 6 பிஎஸ்ஐ பூஸ்டில் 72 கூடி, 39 உடன் சேர்ந்து 110 ஐத் தாண்டுகிறது. அந்த அழுத்தத்தில் பம்ப் மூச்சு வாங்கும். கழற்றி எறிந்துவிட்டு 42 இறாத்தல் இன்ஜெக்டரைப் போடுங்கள் என்பேன். ஆனால் இன்ஜெக்டர் மாறியது ஈசியூ என்ற என்ஜின் கணினிக்கும் தெரிய வேண்டும், அதன் கணக்கைத் திருத்தி டியூன் பண்ணாமல் ஸ்டார்ட் பண்ணினால் கரும்புகைதான்.

2005 க்குப் பிந்திய மஸ்டாங் போன்றவற்றில் திரும்பும் லைனே கிடையாது, பம்பின் வேகத்தை ஈசியூ மாற்றித்தான் அழுத்தத்தைக் காக்கும். அதற்கு இந்த ரெகுலேட்டர் முறை நேரடியாகப் பொருந்தாது, பெரிய பம்போடு டியூன், அல்லது முழுதாகத் திரும்பும் லைன் போட்டு மாற்றுவது. கார்புரேட்டர் காரில் பூஸ்ட் கார்புரேட்டருக்குள்ளேயே போகிற அமைப்பென்றால் பெற்றோல் அழுத்தம் பூஸ்டைவிட ஆறு பிஎஸ்ஐ மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் உள்ளே இறங்காது.

றம்பொடை மாதிரி வளைவுகளில் டாங்கி கால்வாசிக்குக் கீழே இருந்தால் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். பூஸ்டில் அது ஒரு விநாடி நடந்தாலும் ஆபத்து. ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓடுகிற எண்ணம் இருந்தால் தடுப்புத் தகடு போட்ட டாங்கி அல்லது சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்போதும் பெற்றோல் தேங்கி நிற்கும் சின்ன டாங்கி) தேவை, சாதாரண ஓட்டத்துக்கு அரை டாங்கியைக் காப்பாற்றினாலே போதும். லொறிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது என்ஜின் சூடு லைனுக்கு ஏறும், உயரத்தில் பெற்றோல் சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். லைனை எக்சோஸ்டிலிருந்து தள்ளி, சூடு தடுக்கும் உறையோடு இழுங்கள்.

கடைசியில் சோதனை. சாவியை மட்டும் போட்டு பம்பை ஓட விட்டு ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இல்லையென்றால் ஸ்டார்ட். எக்சோஸ்டில் வைட்பேண்ட் (கலவையை அளக்கும் சென்சர்), பெற்றோல் லைனில் மின் சென்சர் வைத்த கேஜ், இரண்டும் இல்லாமல் பூஸ்டில் மிதிக்காதீர்கள். பெற்றோல் ஹோஸை காருக்குள் இழுக்கும் கேஜ் வேண்டவே வேண்டாம். முழு மிதி மிதித்துப் பார்ப்பது டைனோவில்தான் (காரை நிறுத்தி வைத்து வலுவை அளக்கும் மேடை), தேயிலைத் தோட்ட ரோட்டில் இல்லை, 95 ஒக்டேன் பெற்றோலில். பூஸ்டில் கலவை (ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று) 11.5 க்கும் 12 க்கும் இடையில், அழுத்தம் பூஸ்டோடு படி படியாக ஏற வேண்டும். அழுத்தம் ஏறவே இல்லையென்றால் ரெகுலேட்டர் ஹோஸைப் பாருங்கள். ஏறிவிட்டு ஆர்பிஎம் கூடும்போது சரிந்தால் வோல்ட்டை முதலில், பில்டரை அடுத்து, பம்பைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். அழுத்தம் சரியாக நின்றும் கலவை மெலிந்தால் இன்ஜெக்டர் சின்னது அல்லது டியூன் தவறு. நுவரெலியாவில் எல்லாம் சரியாக வந்தாலும் கொழும்பில் ஒருமுறை டைனோவில் ஏற்றிப் பார்க்கும்வரை கீழ்நாட்டில் அரை மிதிக்கு மேல் வேண்டாம்.