டெக்சாஸில் அப்பா அம்மாவுக்குத் தபால் ஓட்டு: நம்பர் எழுதும் கட்டத்தைத் தவறவிடாதீர்கள்

டெக்சாஸில் எல்லாருக்கும் தபால் ஓட்டு கிடையாது. 65 வயது ஆனவர்கள், உடல்நிலை சரியில்லாதவர்கள், ஓட்டுப்பதிவு நாட்களில் தங்கள் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெளியே இருப்பவர்கள் என்று ஒரு சின்னப் பட்டியல்தான். சிட்டிசன்ஷிப் வாங்கிய நம் பெற்றோர் பலர் வயதுக் கணக்கில் வந்துவிடுவார்கள். வாக்காளராகப் பதிந்து முடித்தவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

1. மாநிலச் செயலரின் இணையதளத்தில் விண்ணப்பத்தை இறக்கி அச்செடுங்கள். 65 தாண்டியவர்கள் 'ஆண்டு முழுவதற்கும்' என்ற கட்டத்தை டிக் செய்யலாம். அது அந்த ஆண்டுக்கு மட்டும்தான். ஜனவரி பிறந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். ஈமெயிலிலும் அனுப்பலாம், ஆனால் அசல் தாளும் 4 வேலை நாட்களுக்குள் போய்ச் சேரணும். அந்த வம்பே வேண்டாம், நேராகத் தபாலில் போடுங்கள். தேர்தலுக்கு 11 நாள் முன்பே கவுண்டி தேர்தல் ஆபீஸ் கைக்குப் போயிருக்க வேண்டும்.

2. அடுத்தது நம்பர். 2021-ல் வந்த டெக்சாஸ் தேர்தல் சட்டமான செனட் மசோதா 1-க்குப் பிறகு, விண்ணப்பத்தில் டிரைவிங் லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கமோ எழுத வேண்டும். அது வாக்காளர் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சிக்கலே இதில்தான். பதியும்போது லைசென்ஸ் இல்லாமல் சோஷியல் எண்ணை மட்டும் கொடுத்திருப்பார்கள், இப்போது கையில் இருக்கும் லைசென்ஸைப் பார்த்து எழுதுவார்கள். நம்பர் பொருந்தாது. 2022 மார்ச் பிரைமரியில் (கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) 24,000-க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள், ஏறக்குறைய 12 சதவீதம், நிராகரிக்கப்பட்டதற்கு இந்த நம்பர்தான் பெரிய காரணம். எதைக் கொடுத்தோம் என்று நினைவில்லையா? இரண்டையும் எழுதிவிடுங்கள். இரண்டு எழுதினால் தப்பில்லை.

3. ஓட்டுச்சீட்டு தபாலில் வந்ததும், ஓட்டுப் போட்டு அதை முதலில் ரகசிய உறையில் போட்டு, அதை வெளி உறைக்குள் வையுங்கள். வெளி உறையின் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள்: அங்கேயும் அதே நம்பர் கட்டம் இருக்கும். விண்ணப்பத்தில்தான் எழுதிவிட்டோமே என்று எங்கள் அத்தை அப்படியே ஒட்டி அனுப்பினார், கவர் திரும்பி வந்தது. ஜெல் பேனா வேண்டாம், ஒட்டும்போது மை ஈஷிக்கொள்ளும். சாதாரண கறுப்பு பால்பாயிண்ட் போதும். கையெழுத்தையும் ஒப்பிடுவார்கள், விண்ணப்பத்தில் தமிழில் போட்டால் உறையிலும் தமிழிலேயே போடச் சொல்லுங்கள்.

4. அனுப்பியபின் மாநிலத்தின் ஆன்லைன் டிராக்கரில் பாருங்கள். குறை இருந்தால் தேர்தல் முடிந்த ஆறாம் நாள் வரை திருத்த வழி உண்டு.

கோர்ட்டில் இந்த நம்பர் விதி அடிபட்டுவிட்டதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2023-ல் ஒரு ஃபெடரல் நீதிபதி அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார்; 2025-ல் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆக, நம்பர் எழுதத்தான் வேண்டும்.

பிற்சேர்க்கை: தபாலுக்கு நாள் போதாது, அம்மாவின் கவரை நானே தேர்தல் ஆபீசில் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது. தேர்தல் நாளன்று அம்மாவே போட்டோ ஐடியோடு போய்க் கொடுத்தால்தான் வாங்குவார்கள்.