43 வயதில் மலையாள எழுத்து: பழைய பத்திரிகையும் ஐந்து டப்பாவும்

கோவையிலிருந்து வேலை விஷயமாக அடிக்கடி பாலக்காடு போவேன். பேச்சு ஓரளவு புரியும், பஸ் போர்டுதான் படிக்க வராது. "சேட்டா, இது ஒற்றப்பாலம் போகுமா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், 43 வயதில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு வாரம் வீண். பள்ளிக்கூடப் பழக்கத்தில் நோட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தையும் இருபது தடவை எழுதினேன். இம்போசிஷனில் கை மட்டும்தான் உழைக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். மறுநாள் நோட்டை மூடிவிட்டு யோசித்தால் பாதி எழுத்து காணோம். அதற்குப் பிறகு செய்ததுதான் கீழே இருக்கிறது. நீங்கள் வேறு எதைப் படித்தாலும் இதே முறை போதும்.

படி 1: ஏற்கெனவே தெரிந்ததைத் தனியாக எடுத்து வையுங்கள்.
குழந்தைக்கு இல்லாத வசதி இது. மலையாளத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, துணைக்கால் மூன்றும் ஏறக்குறைய நம்முடையவைதான். அவற்றில் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க வேண்டாம். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. முகம், ராகம், மேகம் மூன்றுக்கும் நமக்கு ஒரே 'க'. அங்கே மூன்றுக்கும் மூன்று எழுத்து. இதற்கு நேர்மாறாக, நாம் ந, ன என்று பிரிப்பதற்கு அங்கே ஒரே எழுத்து. தெரிந்த மொழி காலை வாருகிற இப்படிப்பட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அட்டை தயார் செய்யுங்கள்.
வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் போதும், அச்சில்லாத பக்கம் எழுதத் தோதாக இருக்கும். ஒரு துண்டில் எழுத்து, இன்னொரு துண்டில் பதில். இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிவிடுங்கள். ஒரு அட்டைக்கு ஒரு கேள்விதான். ஒரு நாளைக்குப் புது அட்டை ஐந்துக்கு மேல் வேண்டாம். உற்சாகத்தில் முப்பது எழுதுவோம், நான்காம் நாள் டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கும்.

படி 3: திருப்புவதற்கு முன் பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள்.
பதில் வராவிட்டாலும் பத்து விநாடி திணறுங்கள். அந்தத் திணறலில்தான் படிப்பு நடக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். படிக்கப் படிக்க எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுகிறதே, அதை நம்பக் கூடாது.

படி 4: ஐந்து டப்பா.
செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972இல் சொன்ன முறை. எல்லா அட்டையும் முதல் டப்பாவில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த டப்பாவுக்கு ஏறும். தப்பினால், நான்காவதில் இருந்தாலும் நேராக முதலுக்கே இறங்கும். நான் முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவதை வாரம் ஒருமுறை, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தேன். காலையில் காபியோடு இருபது நிமிடம், அவ்வளவுதான். ஊருக்குப் போய் நாலு நாள் விட்டுப்போனால், சேர்ந்துபோனதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் டப்பாவை மட்டும் எடுத்தால் போதும்.

படி 5: பத்து நாளிலேயே வெளியே கிளம்புங்கள்.
எல்லா எழுத்தும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் அரைகுறையாகவே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். தண்ணீர்க் கேன் மேல் 'வெள்ளம்' என்று படித்ததும் திடுக்கிட்டேன். அங்கே தண்ணீருக்கே அதுதான் பெயர். அந்தச் சொல்லுக்கு அட்டையே தேவைப்படவில்லை.

அப்புறம், சில அட்டைகள் முதல் டப்பாவை விட்டு நகரவே நகராது. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு சொல்லோடு புதிதாக எழுதுங்கள். க வரிசையின் நான்காம் எழுத்தை நான் மூன்று முறை கிழித்தேன். 'மேகம்' என்று சேர்த்து எழுதிய பிறகுதான் அது இரண்டாம் டப்பாவுக்கு ஏறியது.