‘ஸ்விங் டைம்’: ஒரு நடனப் படத்தைக் கால்களின் வழியே பார்ப்பது எப்படி

1936-ஆம் ஆண்டு ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்விங் டைம்’ படத்தைக் கதைக்காக மட்டும் பார்க்க உட்காருபவர் அரைமணி நேரத்துக்குள் சோர்ந்துவிடக்கூடும். லக்கி கார்னெட் என்னும் நடனக் கலைஞன் சூதாட்டப் பிரியன். தன் திருமணத்துக்கே தாமதமாகப் போய்ச் சேர்கிறான். 25,000 டாலர் சம்பாதித்துக்கொண்டு வந்தால் பெண்ணைத் தருகிறேன் என்று மணமகளின் தந்தை சொல்லிவிட, நியூயார்க்குக்குப் புறப்படுகிறான். அங்கே பென்னி கரோல் என்ற நடன ஆசிரியையைச் சந்திக்கிறான். கதை இவ்வளவுதான், இதில் அதிர்ச்சியோ ஆழமோ தேட வேண்டியதில்லை.

ஆனாலும் லக்கியாக வரும் ஃபிரெட் அஸ்டேரும் பென்னியாக வரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் சேர்ந்து நடித்த பத்துப் படங்களில் இதையே முதலிடத்தில் வைப்பவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். காரணம், இந்தப் படத்தின் காதல் வசனத்தில் நடப்பதில்லை. லக்கி தன் நிச்சயதார்த்தத்தை மறைக்கிறான், பென்னி தன் மனத்தை மறைக்கிறாள், சுற்றியுள்ளவர்களும் ஏதோ ஒன்றை ஒளித்தபடியே பேசுகிறார்கள். ஒளிவு மறைவில்லாமல் அந்த இருவரும் நடந்துகொள்வது சேர்ந்து ஆடும்போது மட்டும்தான். ஆகவே நடனக் காட்சிகளைக் கதைக்கு நடுவே வரும் இடைவேளைகளாகக் கருதாமல், அவற்றையே கதையாக எடுத்துக்கொண்டு பார்க்கப் பழக வேண்டும்.

பார்க்கத் தொடங்கும் முன்

படம் கறுப்பு வெள்ளை. ஓடும் நேரம் ஏறத்தாழ 103 நிமிடம். உங்களால் முடிந்த மிகப் பெரிய திரையில், சீரமைக்கப்பட்ட தெளிவான பிரதியைப் பாருங்கள். நடனத்தைப் படமாக்கும்போது ஆடுபவரின் முழு உடலும் தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், கேமரா அதிகம் அலையக்கூடாது, இயன்ற வரை வெட்டில்லாமல் ஆட்டம் தொடர வேண்டும் என்பவை அஸ்டேரின் பிடிவாதமான விதிகள். முகத்துக்கு ஒரு ஷாட், காலுக்கு ஒரு ஷாட், ரசிக்கும் கூட்டத்துக்கு ஒரு ஷாட் என்று நறுக்கிக் காட்டும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. கைப்பேசித் திரையில் அந்த முழு உருவம் விரலளவாகச் சுருங்கிவிடும். பாதத்தின் வேலை கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அக்காலப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டியது. இன்றைய தொலைக்காட்சியில் திரையை நிரப்பும் அமைப்பு இயங்கினால், படம் பக்கவாட்டில் இழுபட்டு ஆடுபவர்கள் பருத்துத் தெரிவார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டுப்பட்டுக் கால்களே காணாமல் போகும். இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள், தெரிந்தால் அதுதான் சரியான அளவு. அசைவை மென்மையாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள், ஏனெனில் காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனத்தின் வெடுக்கென்ற கூர்மையை அது மழுங்கடித்துவிடும்.

முதல் முறை: எதையும் தள்ளாமல்

முதல் பார்வையில் நடனங்களுக்குத் தாவ வேண்டாம். ஏறத்தாழ 25 நிமிடம் வரை பாட்டோடு கூடிய நடனம் வராது என்பதைத் தெரிந்துகொண்டே பொறுமையாக இருங்கள். அந்த நேரத்தில் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொண்டால் போதும். ஒன்று, லக்கியின் கால்சட்டை: அவனைத் திருமணத்துக்குப் போகவிடாமல் தடுக்க, கால்சட்டை நுனிக்கு மடிப்பு வைத்துத் தைப்பதுதான் இப்போதைய நாகரிகம் என்று நண்பர்கள் நம்பவைத்துத் தையற்காரரிடம் அனுப்புகிறார்கள். இதே தந்திரம் படத்தின் முடிவில் வேறொருவர் மேல் திரும்பப் பாயும். மற்றொன்று, அவனுடைய ராசியான கால் டாலர் நாணயம். அதனால் எழும் சண்டைதான் அவனைப் பென்னி வேலை பார்க்கும் நடனப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அங்கே வருவது ‘பிக் யுவர்செல்ஃப் அப்’. மன்னிப்புக் கேட்க வந்தவன் நடனம் தெரியாதவனைப்போல் நடித்து, தடுக்கி விழுந்து, பென்னியின் பொறுமையைச் சோதிக்கிறான். உங்களுக்கு ஆட்டமே வராது, பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்வது பள்ளி உரிமையாளரின் காதில் விழ, அவள் வேலை போகிறது. அவள் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்தாள் என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று லக்கி அவளை இழுத்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறான். இந்த இடத்தில் உங்கள் கண்ணை அஸ்டேரிடமிருந்து விலக்கி ராஜர்ஸின் முகத்தில் வையுங்கள். முதல் சில கணங்கள் கோபம் மிச்சமிருக்கிறது. பிறகு இவன் உண்மையிலேயே ஆடுகிறானே என்ற திகைப்பு. அதன்பின், தனக்கு ஈடு கொடுக்கும் ஒருவன் கிடைத்துவிட்டான் என்ற மகிழ்ச்சி. ஒரு சொல்லும் பேசாமல், கால்கள் வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, அவர் இதை நடித்துவிடுகிறார். அஸ்டேரின் திறமையைப் புகழும்போது ராஜர்ஸைத் துணை என்று சொல்லிக் கடந்துவிடுவது வெகுநாள் வழக்கம். ஆடும்போதும் பாத்திரத்தை விட்டு இறங்காத அவருடைய நடிப்பில்தான் இந்தப் படத்தின் காதல் நிற்கிறது. ஆட்டத்தின் முடிவில் இருவரும் தளத்தைச் சுற்றியுள்ள தாழ்ந்த கைப்பிடிவேலியைத் தாண்டித் தாண்டிக் குதிப்பார்கள். அதற்குள் அவர்கள் கூட்டாளிகளாகிவிட்டார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பின் வரும் ‘த வே யூ லுக் டுநைட்’ நடனமில்லாத பாட்டு. லக்கி பியானோவில் அமர்ந்து பாடுகிறான். பென்னி தலைக்கு நுரை பூசிக் குளித்துக்கொண்டிருந்தவள், பாட்டில் மயங்கித் தன் கோலத்தை மறந்து நுரையோடு வெளியே வந்து நிற்கிறாள். ஜெரோம் கெர்ன் இசையமைத்து டாரத்தி ஃபீல்ட்ஸ் எழுதிய இந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது; பாடலுக்கான அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஃபீல்ட்ஸ்தான். இதன் மெட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். படம் அதை மறக்காது, நீங்களும் மறந்துவிடக்கூடாது.

அடுத்தது ‘வால்ட்ஸ் இன் ஸ்விங் டைம்’. இதில் பாட்டு இல்லை, கதை நகர்வும் இல்லை. மூன்று எண்ணிக்கை கொண்ட வால்ட்ஸ் தாளத்துக்குள் ஸ்விங் என்னும் ஜாஸ் இசை வகையின் துள்ளலைப் புகுத்திய இந்த இசையைக் கெர்னின் மெட்டுகளைக்கொண்டு கோத்துக்கொடுத்தவர் ராபர்ட் ரஸ்ஸல் பென்னட். காலால் தாளத்தைத் தொடர முயலுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகையில் அவர்களுடைய தட்டுகள் அந்த எண்ணிக்கையின் இடைவெளிகளில் விழுவது புலப்படும். எண்ணுவதை விட்டுவிட்டால் எல்லாம் எளிதாகத் தோன்றும், எண்ணத் தொடங்கியபிறகுதான் அதன் கடினம் தெரியும்.

‘எ ஃபைன் ரொமான்ஸ்’ பனிக்காட்சியில் நீங்கள் கவனிக்க வேண்டியது நடனம் இல்லாமையைத்தான். நிச்சயமானவன் என்ற உறுத்தலால் லக்கி விலகி விலகி நிற்கிறான், பென்னி அதைக் கண்டு குறைபட்டுப் பாடுகிறாள். ஆடினால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்ற தருக்கம் படத்தில் எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

முகத்தில் கரி பூசிய காட்சி

‘போஜாங்கில்ஸ் ஆஃப் ஹார்லெம்’ காட்சியில் அஸ்டேர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக வேடமிட்டு ஆடுகிறார். திரையில் அவர் அப்படிச் செய்தது இந்த ஒரு முறைதான். கறுப்பின மக்களை ஏளனம் செய்த அமெரிக்க மேடை வழக்கத்தின் தொடர்ச்சி அது. காட்சியின் தொடக்கத்தில் வரும் ராட்சதக் காலணிகளின் கேலிச்சித்திரமும் அதே வகையைச் சேர்ந்தது. அந்தக் கால வழக்கம் என்று சொல்லி இதை மெழுகிவிடக்கூடாது. அதற்காகக் காட்சியைத் தாண்டிச் செல்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, தலைப்பில் பெயர் வரும் ‘போஜாங்கில்ஸ்’ யார் என்பதை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் பில் ராபின்சன் என்னும் மாபெரும் கறுப்பின டாப் நடனக் கலைஞர். 1935-இல் வெளிவந்த ‘த லிட்டில் கர்னல்’ படத்தில் ஷெர்லி டெம்பிளுடன் அவர் படிக்கட்டில் ஆடும் சில நிமிடங்களைப் பார்த்தாலே போதும்: நிமிர்ந்த உடல், அலட்டாத தோள்கள், மணியாக ஒலிக்கும் தட்டுகள். அந்தக் கலைஞருக்கு ஹாலிவுட் பெரும்பாலும் பணியாளர் வேடங்களையே தந்த காலத்தில், அவருக்குச் செலுத்துவதாகச் சொன்ன அஞ்சலியை வெள்ளையர் ஒருவர் கரி பூசி ஆடினார் என்ற உண்மையோடு காட்சியைப் பாருங்கள்.

அதன் பிற்பகுதியில் அஸ்டேருக்குப் பின்னால் மூன்று பெரிய நிழல்கள் ஆடுகின்றன. அஸ்டேர் ஆடியதை முதலில் படமாக்கி, அதே ஆட்டத்தை வலுவான விளக்கின் முன் மறுபடி ஆடவைத்து நிழலைப் படம்பிடித்து, அந்த ஒரு நிழலை மூன்றாக்கிச் சேர்த்தார்கள். இரு முறையும் அசைவுகள் இம்மி பிசகாமல் பொருந்தியிருப்பதைக் கவனியுங்கள். கடைசியில் நிழல்கள் அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆட்டத்தைக் கைவிட்டுப் போய்விடும்.

‘நெவர் கோனா டான்ஸ்’: மூன்று முறை பார்க்க வேண்டிய காட்சி

இந்தக் காட்சிக்காகவே படத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். பென்னி வேறொருவரை மணக்கச் சம்மதித்துவிட்டாள். இரவு விடுதி காலியாகிவிட்டது. இரண்டு வளைந்த படிக்கட்டுகள் கொண்ட பளபளக்கும் அரங்கில் இருவர் மட்டும் நிற்கிறார்கள். இனி ஆடவே மாட்டேன் என்று லக்கி பாடுகிறான்.

முதல் முறை பார்க்கும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள்: நடை எந்த இடத்தில் நடனமாக மாறுகிறது? இருவரும் மனமுடைந்து வெறுமனே நடக்கிறார்கள். அந்த நடையில் மெல்ல ஒரு தாளம் ஏறுகிறது. எந்த அடியில் அது நடனமாயிற்று என்று விரல் வைத்துச் சொல்வது கடினம். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸும், அஸ்டேரோடு சேர்ந்து நடனத்தை அமைத்த ஹெர்மிஸ் பானும் அந்த எல்லைக்கோட்டை வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முன்பு வந்த மெட்டுகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும்: நுரையோடு நின்றவளுக்காகப் பாடிய பாட்டு, வால்ட்ஸ் ஆகியவை திரும்பி வரும். அவர்கள் ஒன்றாக வாழ்ந்த காலமெல்லாம் அந்த ஆட்டங்கள்தாம். இசை அவற்றை நினைவூட்டி விடைபெறுகிறது.

மூன்றாம் முறை ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் பாருங்கள். அவன் நெருங்குவதும் அவள் விலகுவதும், அவள் கையை அவன் பற்றுவதும், அது நழுவுவதும் ஒரு நீண்ட வாக்குவாதம் போல விரியும். பிறகு ஆளுக்கொரு படிக்கட்டில் பிரிந்து ஏறி மேல்தளத்தில் சந்திக்கிறார்கள். கடும் வேகத்தில் சுழன்று, அந்தச் சுழற்சியிலேயே அவள் வெளியேறிவிட, அவன் தனித்து நிற்கிறான். இந்த இறுதிப்பகுதியை ஒரே நாளில் 47 முறை படமாக்கினார்கள். முடியும்போது ராஜர்ஸின் பாதங்களில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. திரையில் அந்த வலியின் சுவடு எங்காவது தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள்.

முத்தத்தைப் பற்றி ஒரு சொல். இருவரும் முத்தமிடுவதைப் படம் காட்டாது. கதவு ஒன்று திறந்து அவர்களை மறைக்கும், அது மூடும்போது லக்கியின் முகத்தில் உதட்டுச்சாயம் தெரியும். நடனங்கள் அவ்வளவு சொல்லிவிட்டபின் இது போதுமானது.

இறுதிக் காட்சியில் பென்னி ஒரு பாட்டையும் லக்கி வேறொரு பாட்டையும் ஒரே நேரத்தில் பாடுவார்கள். குறைபட்ட பாட்டும் நெகிழ்ந்த பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி கெர்ன் அமைத்திருக்கிறார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு முறை அவள் குரலை மட்டும், மறுமுறை அவன் குரலை மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.

இதன் பிறகு

இந்தப் பழக்கம் கைவந்தபின், இதே இணையின் வேறு இரண்டு படங்களில் சோதித்துப் பார்க்கலாம். 1937-இல் வந்த ‘ஷால் வி டான்ஸ்’ படத்தில், பனிமூட்டத்தில் செல்லும் படகில் அஸ்டேர் ராஜர்ஸுக்காக ஒரு பாட்டைப் பாடுவார். அந்தப் பாட்டுக்கு இருவரும் சேர்ந்து ஆட மாட்டார்கள். அதன்பின் 1939-இல் ஆர்.கே.ஓ.வில் அவர்கள் கூட்டு முடிந்தது. 1949-இல், ஜூடி கார்லண்ட் விலக நேர்ந்ததால் ராஜர்ஸ் அந்த இடத்துக்கு அழைக்கப்பட, எம்.ஜி.எம். நிறுவனத்தின் ‘த பார்க்லீஸ் ஆஃப் பிராட்வே’ என்ற வண்ணப்படத்தில் மேடை நடனத் தம்பதியாக இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். அங்கே அதே பாட்டு திரும்ப வருகிறது, இம்முறை ஆடுகிறார்கள். படகுக் காட்சியை முதலில் பாருங்கள். உடனே 1949-இன் நடனத்தை ஓட்டி, முன்பு ராஜர்ஸ் ஆடாமல் கேட்ட வரிகளின் மெட்டுக்கு இப்போது அவர் உடல் என்ன பதில் சொல்கிறது என்று கவனியுங்கள்.