ஏஐ படம் நினைத்த மாதிரி வரவில்லையா? பிராம்ப்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்துப் படங்கள் வரிசைகட்டி வரும். இப்போது அவற்றில் நிறைய ஏஐ வரைந்தவை. பானை தங்கம் மாதிரி பளபளக்கும், பின்னால் ஒரு கோபுரம் நிற்கும், நாலு பேர் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பார்கள், கரும்பு மூங்கில் போல இருக்கும். கருவி அவ்வளவுதான் என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு நாம் எழுதிக் கொடுத்த பிராம்ப்ட்டில், அதாவது என்ன படம் வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் வரிகளில்தான் இருக்கிறது. இந்தப் பொங்கல் படத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

காட்சியை எழுதாமல் உணர்ச்சியை எழுதுவது

வழக்கமாக எழுதப்படும் பிராம்ப்ட் இப்படி இருக்கும்: "பாரம்பரியமான தமிழர் பொங்கல் கொண்டாட்டம், மகிழ்ச்சியான குடும்பம், மிக அழகாக, தத்ரூபமாக, 8கே." இதில் கண்ணுக்குத் தெரிகிற பொருள் எத்தனை? குடும்பம் ஒன்றுதான். பானை எதனால் ஆனது, அடுப்பு எங்கே, நேரம் என்ன, யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எதுவுமே இல்லை. சொல்லாமல் விட்டதையெல்லாம் கருவி தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறது. "மகிழ்ச்சி" என்று பார்த்ததும் எல்லார் முகத்திலும் சிரிப்பை ஒட்டிவிடும். "பாரம்பரியம்" என்றால் பட்டு, நகை, கோபுரம். சில சமயம் பொங்கலைச் சாப்பாடாகவே எடுத்துக்கொண்டு, முந்திரி போட்ட வெண்பொங்கலைக் கிண்ணத்தில் வைத்துத் தந்துவிடும்.

இந்தக் கருவிகள் படம் போடக் கற்றுக்கொண்ட விதம் தெரிந்தால் காரணம் புரியும். இணையத்தில் கிடைத்த படங்களையும், ஒவ்வொரு படத்தோடும் இருந்த விளக்க வரியையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அவற்றைப் பழக்கினார்கள். 2022 ஆகஸ்ட்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் கருவிக்கு அடிப்படையாக இருந்த லயன் தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைப்புகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியோடு. எந்தச் சொல்லோடு எந்த மாதிரிப் படம் வரும் என்பதே அதன் கல்வி. ஆகவே படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, உங்கள் கையில் இருக்கிறது, அதைப் பார்க்காத ஒருவருக்குப் போனில் விவரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்:

"கிராமத்து ஓட்டு வீட்டின் முற்றம், அதிகாலை. தரையில் மூன்று செங்கல் வைத்த அடுப்பு, விறகு எரிகிறது. அதன் மேல் சிவப்பு மண்பானை. பானையின் கழுத்தில் இலையோடு கூடிய மஞ்சள் கொத்து கட்டியிருக்கிறது. பால் நுரைத்து வலது பக்கம் வழிகிறது. பானைக்குப் பின்னால் சோகையோடு கூடிய இரண்டு கருஞ்சிவப்புக் கரும்புகள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. ஐம்பது வயதுப் பெண், நீலப் பருத்திச் சேலை, குனிந்து பானையைப் பார்க்கிறார், முகம் பக்கவாட்டில் தெரிகிறது. இடப்பக்கத்திலிருந்து தாழ்வான வெயில், புகையில் பட்டுத் தெரிகிறது. கேமரா தரையை ஒட்டி இருக்கிறது. புகைப்படம்."

மகிழ்ச்சி என்ற சொல்லே இதில் கிடையாது. ஆனால் பால் பொங்கி வழிவதை ஒரு பெண் குனிந்து பார்க்கும் படத்தில் அது தானாக வந்துவிடும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் சொல்லிவிட்டாலே படத்தின் பாதிக் குணம் தீர்மானமாகிவிடும். பெரும்பாலோர் சொல்லாமல் விடுவதும் இந்த இரண்டைத்தான்.

அந்த "8கே", "மாஸ்டர்பீஸ்", "அல்ட்ரா ரியலிஸ்டிக்" விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். தரத்துக்கு ஏற்றபடி குறிச்சொற்கள் இட்ட படங்களை வைத்துப் பழக்கிய, ஜப்பானிய அனிமே பாணியில் வரையும் சில மாடல்களில் (கருவிக்குள் இருந்து படம் போடும் ஏஐதான் மாடல்) "மாஸ்டர்பீஸ்" போன்ற சொற்களுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் எல்லாக் கருவியிலும் ஒட்டத் தொடங்கினார்கள். சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ அதை எழுதி ஆகப்போவது அநேகமாக ஒன்றுமில்லை. சில கருவிகளில் தோலை மெழுகு பூசினாற்போல ஆக்கிவிடும்.

பெயர் சொன்னால் போதும் என்று நினைப்பது

நம் ஊர்ப் படங்கள் கெட்டுப்போவது அதிகம் இதனால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடிகாரம் வரையச் சொன்னால் ஏஐ கருவிகள் பெரும்பாலும் முள்ளைப் பத்து மணி பத்து நிமிடத்தில்தான் வைக்கும். ஆறரை மணி என்று கேட்டாலும் பல நேரம் அதே பத்து பத்து. கடிகார விளம்பரங்களில் முள் அப்படித்தான் இருக்கும், இணையத்தில் கடிகாரப் படம் என்று கிடப்பது பெரும்பாலும் விளம்பரம். எது அதிகமாகக் கிடக்கிறதோ அந்தப் பக்கமே கருவி சாயும். கடிகாரத்துக்கு நடப்பதேதான் வீணைக்கும் நடக்கிறது. "வீணை வாசிக்கும் பெண்" என்று கேட்டால் சிதார் வரலாம், இரண்டும் கலந்த ஏதோ ஒன்றும் வரலாம்.

இந்த இடத்தில் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பயனில்லை. வீணை எப்படி இருக்கும் என்று எழுத வேண்டும்: "தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். நீண்ட மர வாத்தியம் உடலுக்குக் குறுக்கே ஏறக்குறையப் படுக்கை வாட்டில் இருக்கிறது. வலது முனையில் பெரிய உருண்டையான மரக்குடம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. இடது முனையில் கீழ்நோக்கி வளைந்த யாளி முகம். அதற்குச் சற்று முன்னால் தண்டின் அடியில் சிறிய சுரைக்குடம், இடது தொடையில் தாங்கியிருக்கிறது." சிதாரின் கழுத்து சாய்வாக மேல்நோக்கிப் போகும், வீணை கிடக்கும். இந்த வித்தியாசத்தை வார்த்தையில் வைத்துவிட்டால் கருவி வழிக்கு வரும்.

கோயிலும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கேட்டால் வண்ணம் அடித்த பொம்மைகள் நிறைந்த உயரமான ராஜகோபுரத்தை வரைந்து தருவது சகஜம். ராஜராஜன் 1010இல் கட்டிமுடித்த அந்தக் கோயிலில் வாசல் கோபுரங்கள் சிறியவை. கருவறைக்கு மேல் எழும் விமானம்தான் உயரம், சுமார் 200 அடி. வண்ணம் பூசாத கல், வெயிலில் தேன் நிறம். "படிப்படியாகக் குறுகி ஏறும் பிரமிடு வடிவக் கல் விமானம், உச்சியில் உருண்டையான சிகரம், முன்னால் அகலமான வெற்று முற்றம்" என்று எழுதுங்கள். இன்னும் நல்லது, நீங்களே எடுத்த போட்டோ ஒன்றை ஏற்றி, கட்டடத்தை மாற்றாமல் மழைநாள் மாலையாக ஆக்கித்தரச் சொல்வது. நிஜமான ஓர் இடத்தைக் கருவியின் ஊகத்துக்கு விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தப்பான பெரிய கோயில் படங்கள் பரவிப் பரவி, நாளை அவையே தேடலில் முதலில் வந்து நிற்கும்.

"இந்திய மணப்பெண்" என்று எழுதினால் லெஹங்காவும் முக்காடும் வரும். கூரைப்புடவை, நெற்றிச்சுட்டி, பூ வைத்துத் தைத்த பின்னல், ஒட்டியாணம் என்று உருப்படியாகச் சொல்லி, நெற்றிச்சுட்டி வகிட்டில் எப்படி ஓடுகிறது என்பதையும் சேர்த்தால்தான் நம் பெண் வருவாள்.

வேண்டாததைச் சொல்லி வரவழைப்பது

"தெருவில் யாரும் இருக்கக் கூடாது, வண்டிகள் வேண்டாம்" என்று எழுதினால் வண்டியும் ஆளும் வந்து நிற்கும். பழைய மாடல்களில் "வேண்டாம்" என்பதற்கு வலு குறைவு, "வண்டி" என்பதற்கு வலு அதிகம். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நெகட்டிவ் பிராம்ப்ட் என்று தனிப் பெட்டியே இருக்கிறது. மிட்ஜர்னி என்ற இன்னொரு படக் கருவியில் 'நோ' என்ற கட்டளை உண்டு. வேண்டாதவற்றை அங்கே எழுதுங்கள். அப்படி வசதி இல்லாத கருவியில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்: "வெறிச்சோடிய தெரு, இருபுறமும் மூடிய கதவுகள்."

நிறம் இடம் மாறுவதும் தீராத தொல்லை. சிவப்புச் சேலை கட்டியவரும் பச்சைச் சேலை கட்டியவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால், சேலைகள் மாறிப்போகலாம், இரண்டும் சிவப்பாகலாம், சுவரில்கூடப் பச்சை ஏறலாம். ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதி, இடப்பக்கம் வலப்பக்கம் என்று இடத்தையும் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை ஐந்தாறைத் தாண்டினால் எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம். ஒன்பது விளக்கு வேண்டுமென்றால் வந்த பிறகு எண்ணிப் பார்ப்பது உங்கள் வேலை.

தமிழில் எழுதலாமா?

கருவியைப் பொறுத்தது. சாட்ஜிபிடியும் ஜெமினியும் தமிழை நன்றாகப் புரிந்துகொள்கின்றன, தாராளமாக எழுதலாம். ஆனால் ஒன்று: 2023இல் சாட்ஜிபிடிக்குப் படம் வரைந்து தரும் டால்-ஈ 3 வந்தபோதே, நாம் எழுதியதை சாட்ஜிபிடி தானே விரித்து எழுதித்தான் படம் வரையும் பகுதிக்கு அனுப்பியது. நீங்கள் சொல்லாத ஒன்று படத்தில் வந்தால் இடையில் அது சேர்த்ததாக இருக்கலாம். "நான் எழுதியதில் எதையும் சேர்க்காதே" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் தமிழ் எடுபடாது. அது பழகியது பெரும்பாலும் ஆங்கில விளக்க வரிகளில். அதோடு, எழுதுவதை அது டோக்கன் என்னும் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் 75 துண்டுகள்தான் கொள்ளும். சாதாரண ஆங்கிலச் சொல் ஒரே துண்டில் அடங்கிவிடும். கணினியில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் என்பதால் "நெற்றிச்சுட்டி" என்ற ஒரு சொல்லே 42 பைட் ஆகிப் பல துண்டுகளாக நொறுங்கும். இரண்டு வரி எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அங்கே ஆங்கிலம்தான், அதுவும் முக்கியமானதை முதலில் வைத்து.

படத்துக்குள் தமிழ் எழுத்து வேண்டும் என்பவர்களுக்கு: முன்பு வெறும் கிறுக்கலாக வந்தது இப்போது ஓரளவு தேறியிருக்கிறது. இருந்தாலும் கொம்பு ஓர் எழுத்துத் தள்ளி நிற்கும், புள்ளி காணாமல் போகும். அழைப்பிதழும் கடைப் பலகையும் அச்சுக்குப் போகிற விஷயம். "மேல் மூன்றில் ஒரு பாகம் வெறும் வானமாக இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கி, எழுத்தை கேன்வா போன்ற ஒன்றில் நீங்களே போடுங்கள். சிக்குக் கோலமும் அதே கதைதான். கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஏஐ வரைவதில் எங்காவது அறுந்துவிடும். கோலம் போடத் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். வாசலில் போட்டதைப் படமெடுத்து ஏற்றுங்கள்.

ஓவியர் பெயரைப் போடுவது

போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் 2022இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் பிராம்ப்ட்களில் மிக அதிகமாக எழுதப்பட்ட பெயர்களில் ஒன்றாகிவிட்டது. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்கள் வந்து குவிய, அவர் வெளிப்படையாகவே எதிர்ப்புச் சொன்னார். வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் பெயரை அப்படி எழுதாதீர்கள். அவர் பிழைப்பு அது. தவிர, நம் ஓவியர்கள் பலரின் பெயர் கருவிக்குத் தெரியவே தெரியாது. போட்டாலும் பொதுவான ஏதோ ஒன்றுதான் வரும்.

பாணி வேண்டுமென்றால் பாணியை விவரியுங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள் நினைவிருக்கும். அந்த வாசனை வேண்டுமா? "பழைய அச்சுக் காலண்டர் படம், தெய்வம் நேருக்கு நேர் பார்க்கிறது, வட்ட முகம், மென்மையான இளஞ்சிவப்புத் தோல், பின்னால் நாடக மேடைத் திரை போன்ற மலையும் நீர்நிலையும், லேசாக மங்கிய அச்சு மை" என்று எழுதினால் போதும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றுவது

படம் முக்கால்வாசி சரியாக வந்திருக்கும். கை மட்டும் கோணல். உடனே பிராம்ப்ட் முழுவதையும் திருத்தி எழுதுவார்கள். கை சரியாகும், முகம் போய்விடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். ஸ்டேபிள் டிஃப்யூஷனிலும் மிட்ஜர்னியிலும் சீட் எண் என்று ஒன்று உண்டு, படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் எண் அது. அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் மாற்றினால், அந்தச் சொல் என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அரட்டைக் கருவியில், "மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், இடது கையை மட்டும் பானைக்கு வெளியே வை" என்று கேளுங்கள். ஐந்தாறு திருத்தத்துக்கு மேல் போனால் நிறமும் முகமும் மெல்ல நழுவத் தொடங்கும். அப்போது முதலில் வந்த நல்ல படத்தை மறுபடி ஏற்றி அங்கிருந்து தொடங்குங்கள்.

நன்றாக வந்த படத்தோடு அதன் பிராம்ப்ட், கருவியின் பெயர், பதிப்பு, சீட் எண் நான்கையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பதிப்பு மாறினால் அதே வரிக்கு வேறு படம் வரும்.