எக்ஸ்பி கணினியை இன்னும் விடாதவர்களுக்கு: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. இருந்தாலும் சில வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் பழைய ஸ்கேனருக்குப் புது விண்டோஸில் டிரைவர் கிடையாது, பேரலல் போர்ட்டில் மாட்டும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் கடகடவென்று அடிக்கிறது, பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்துவைத்த ஃபைல்கள் வேறெங்கும் ஒழுங்காகத் திறப்பதில்லை. அப்படி ஒரு காரணத்துக்காக வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. வேறு காரணமே இல்லை, சும்மா கிடக்கிறது என்றால் அதில் உள்ள படங்களையும் ஃபைல்களையும் எடுத்துக்கொண்டு மெஷினைக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் ஒன்று. எக்ஸ்பியை வேகமாக்க ஐம்பது வழி, நூறு வழி என்று அந்தக் காலத்தில் சுற்றிய பட்டியல்களில் பெரும்பாலானவை வீண்வேலை. எந்த மென்பொருளுக்கு எந்த ஃபைல்கள் வேண்டும் என்று விண்டோஸ் குறித்துவைக்கும் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை வாராவாரம் காலி செய் என்பார்கள். எக்ஸ்பி அதில் 128 பதிவுகளுக்கு மேல் சேரவிடாமல் பழையதைத் தானே கழித்துக்கொள்ளும், நீங்கள் மொத்தத்தையும் அழித்தால் அடுத்த முறை மெஷின் கிளம்ப இன்னும் நேரம்தான் ஆகும். இணைய வேகத்தில் 20 சதவீதத்தை விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது, அதை விடுவி என்பது இன்னொன்று. அந்த ஒதுக்கீட்டைக் கேட்கும் மென்பொருள் ஏதாவது ஓடினால்தான் அது நடைமுறைக்கே வரும், மற்ற நேரம் முழு வேகமும் உங்களுக்குத்தான். ரேம் ஆப்டிமைசர், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர் இரண்டும் வேண்டவே வேண்டாம். முன்னது நினைவகத்தில் இருப்பதையெல்லாம் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு இடம் காலியாகிவிட்டது என்று கணக்குக் காட்டும், பின்னது ஓடிக்கொண்டிருப்பதைக் கெடுக்கும்.

சரி, உண்மையில் எங்கே பார்க்க வேண்டும்? என்னைக் கேட்டால் முதல் இடம் டிஸ்க் எந்த மோடில் ஓடுகிறது என்பது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பட்டை கேபிளில் மாட்டும் பழைய ஐடிஇ டிஸ்க் உள்ள மெஷின் திடீரென ஆமையாகிவிட்டது, பாட்டுக்கூட விட்டுவிட்டுக் கேட்கிறது, ஒரு ஃபைலை நகலெடுத்தால் மவுஸ் திக்குகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வைரஸ் என்று முடிவு கட்டி ஃபார்மட் அடிக்கப் போய்விடுவார்கள். நடந்திருப்பது வேறாக இருக்கலாம். டிஸ்க்கோடு பேசும்போது பிழைகள் வந்துகொண்டே இருந்து ஆறைத் தொட்டால், எக்ஸ்பி அந்த டிஸ்க்கை டிஎம்ஏ மோடிலிருந்து படிப்படியாகக் கீழே இறக்கிக் கடைசியில் பிஐஓ மோடில் விட்டுவிடும். அப்புறம் தானாக மேலே ஏற்றாது. டிஎம்ஏ என்றால் டிஸ்க் தானே நினைவகத்துக்குத் தரவைக் கொண்டுபோய் வைத்துவிடும். பிஐஓவில் ஒவ்வொரு துணுக்கையும் ப்ராசஸர் தூக்கிச் சுமக்க வேண்டும். அல்ட்ரா டிஎம்ஏ 5 என்பது நொடிக்கு 100 எம்பி வரை போகக்கூடிய பாதை, பிஐஓ அதிகபட்சமே 16.6 எம்பி.

பார்ப்பது சுலபம். மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர் டேப், டிவைஸ் மேனேஜர். அதில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற வரியை விரித்தால் பிரைமரி ஐடிஇ சேனல் இருக்கும், அதை டபுள் கிளிக் செய்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் டேப்புக்குப் போங்கள். கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் அல்ட்ரா டிஎம்ஏ என்று இருந்தால் நல்லது. பிஐஓ என்று இருந்தால், மேலே உள்ள டிரான்ஸ்ஃபர் மோட் பெட்டியில் 'டிஎம்ஏ இஃப் அவெய்லபிள்' தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியாகவே இருந்தால் அந்தச் சேனலின் மேல் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்பட வேண்டாம், விண்டோஸ் மறுபடி அதைக் கண்டுபிடித்துத் தானே நிறுவிக்கொள்ளும், பிழை எண்ணிக்கையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். சிடி, டிவிடி டிரைவ் படம் ஓட்டும்போது திக்கினால் செகண்டரி சேனலிலும் இதையே செய்யலாம், கீறல் விழுந்த தட்டுகளைப் போட்டுப் போட்டு அதுவும் கீழே இறங்கியிருக்கும்.

ஆனால் சில நாளில் திரும்பவும் பிஐஓவுக்கே இறங்கினால் கோளாறு விண்டோஸில் இல்லை. உள்ளே போகும் பட்டை கேபிளை மாற்றிப் பாருங்கள், 80 கம்பி உள்ளதாக வாங்க வேண்டும், பழைய 40 கம்பி கேபிளில் நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போகாது. கேபிள் மாற்றியும் இறங்குகிறது என்றால் டிஸ்க் சாகப்போகிறது. அன்றைக்கே ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ரேம். போதுமா போதாதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, டாஸ்க் மேனேஜரே சொல்லும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி பெர்ஃபார்மன்ஸ் டேப்புக்குப் போங்கள். வழக்கமாகச் செய்யும் வேலைகளை ஒரு மணி நேரம் செய்த பிறகு கமிட் சார்ஜ் என்ற பகுதியில் பீக் எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் பிசிக்கல் மெமரி என்பதில் டோட்டல் எண் இருக்கும். பீக் அதைவிடப் பெரிதாக இருந்தால் மெஷின் டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தித் திணறுகிறது என்று அர்த்தம். எக்ஸ்பி 64 எம்பியில் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்த காலம் வேறு, 2008-ல் வந்த சர்வீஸ் பேக் 3-ஐயும் ஒரு ஆன்டிவைரஸையும் போட்ட பிறகு 256 எம்பி மெஷின் பாவம். 1 ஜிபி இருந்தால் நிம்மதி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டில் தேடிப் பார்க்கலாம். பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள், டிடிஆரும் டிடிஆர்2-வும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. 4 ஜிபி போட்டாலும் 32 பிட் எக்ஸ்பி முழுசாகப் பயன்படுத்தாது, சுமார் 3.25 ஜிபிதான் காட்டும், அதனால் அள்ளி வாங்க வேண்டாம்.

ரேம் வாங்க வழியில்லை என்றால் சுமையைக் குறையுங்கள். ஸ்டார்ட், ரன் போய் ஆங்கிலத்தில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளியில்லாமல் அடித்து எண்டர் கொடுத்தால் ஒரு பெட்டி வரும், அதில் ஸ்டார்ட்அப் டேப். பிரிண்டர் கம்பெனியின் அப்டேட்டர், மீடியா பிளேயரின் உதவியாளர், என்றைக்கோ வாங்கிய கேமராவின் மென்பொருள் என்று ஒரு கூட்டமே வரிசையில் நிற்கும். டிக்கை எடுத்துவிடுங்கள், ஆன்டிவைரஸை மட்டும் விட்டுவைத்து. சிடிஎஃப்மான் என்று ஒன்று இருக்கும், விண்டோஸின் சொந்த விசைப்பலகையில் தமிழ் அடிப்பவர்கள் அதைத் தொடாதீர்கள், மொழிப் பட்டை அதை நம்பித்தான் இருக்கிறது. அடுத்த முறை மெஷின் கிளம்பும்போது ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும், இனி காட்டாதே என்று டிக் செய்துவிட்டு மேலே போங்கள்.

தோற்றத்திலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். மை கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு டேப், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செட்டிங்ஸ். 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்தால் எல்லா டிக்கும் போய் 98 காலத்துச் சாம்பல் நிறம் வந்துவிடும். எனக்கு அதுவே பிடிக்கும், ஆனால் எழுத்து விளிம்பை மென்மையாக்கும் டிக்கை மட்டும் திரும்பப் போடுங்கள். எல்சிடி மானிட்டர் என்றால் டிஸ்ப்ளே ப்ராப்பர்ட்டீஸ், அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ் போய் க்ளியர்டைப்பைத் தேர்ந்தெடுங்கள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண்ணுக்கு நல்லது.

டிஸ்க்கில் இடம் இல்லையா? கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரீஸ்டோர் ஒவ்வொரு டிரைவிலும் 12 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும், ரீசைக்கிள் பின் 10 சதவீதம். 40 ஜிபி டிஸ்க்கில் இரண்டும் சேர்ந்தால் 8 ஜிபிக்கு மேல். ரீஸ்டோரை முழுசாக அணைக்காமல் ஸ்லைடரை 3, 4 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள். டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் செய்ய 15 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும், அதற்கு முன் சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் டேப், செக் நவ் கொடுத்துப் பிழைகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். இப்போது முடியாது, அடுத்த முறை கிளம்பும்போது செய்யட்டுமா என்று கேட்கும், ஆமாம் சொல்லுங்கள். எஸ்எஸ்டி மாட்டியிருந்தால் டீஃப்ராக் வேண்டாம்.

தேதி ஒவ்வொரு நாளும் பின்னால் ஓடுகிறதென்றால் மதர்போர்டில் வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றினால் முடிந்தது.

இணையம் என்றால் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ், லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் மேல் ரைட் கிளிக், டிசேபிள். குரோம் 2016-லேயே எக்ஸ்பியை விட்டுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2018-ல். கூட வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இன்றைய தளங்கள் பாதி திறக்கவே திறக்காது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது நிலைமை எவ்வளவு மோசம் என்றால், கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் ஒரு பேட்ச் விட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் பல திறந்தே கிடக்கின்றன.

நெட்டைத் துண்டித்தாலும் பென் டிரைவ் இருக்கிறதே. செருகும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்திருந்தால் தானாக எதுவும் ஓடாது. அதைவிட முக்கியம், ஏதாவது ஃபோல்டரைத் திறந்து டூல்ஸ், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ போய், ஃபைல் பெயர்களின் பின்னொட்டை மறைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபோல்டர் படத்தோடு உட்கார்ந்திருப்பது உண்மையில் திறந்தாலே ஓடிவிடும் இஎக்ஸ்இ ஃபைல் என்பது அப்போதுதான் தெரியும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்ற வரியே மெனுவில் இல்லை, டாஸ்க் மேனேஜரும் திறக்கவில்லை என்றால் வைரஸ் ஏற்கெனவே குடியேறிவிட்டது, டிஸ்க்கைக் கழற்றி நல்ல ஆன்டிவைரஸ் உள்ள வேறு மெஷினில் மாட்டி ஸ்கேன் செய்வதுதான் நம்பகமான வழி.

தமிழ் எழுத்துகள் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து தெரிகிறதா? எழுத்துரு குறையில்லை, லதா எக்ஸ்பியோடுதான் வருகிறது. ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் டேப், அதில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தொடங்கும் முதல் டிக்கைப் போட்டால் எக்ஸ்பி சிடியைக் கேட்கும், உள்ளே ஐ386 ஃபோல்டரைக் காட்டி ரீஸ்டார்ட் செய்தால் சேர்ந்து வரும். அதே டேப்பில் டீட்டெய்ல்ஸ் போய் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கலாம், ஆனால் கிடைப்பது இன்ஸ்கிரிப்ட் என்ற விசை அமைப்பு மட்டும், தமிழ்99 என்ற இன்னொரு அமைப்பில் பழகியவர்கள் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இருந்தால் இன்னொரு வேலை பாக்கி. எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் இல்லாததால் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். அதனால் ஃபைல்களை நகலெடுக்கும்போது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். புதுப் பென் டிரைவை எக்ஸ்பி படிக்க மறுத்தால் அது எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் இருக்கலாம், புது மெஷினில் வைத்து என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்துகொண்டு வாருங்கள். ஃபேட்32-ம் ஓடும், ஆனால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே ஃபைல் அதில் ஏறாது.